மென்பொருளுக்கும் வேண்டும் மதகு

செங்கல்பட்டு மாவட்டத்தின் பொருளாதாரம் இரண்டு சாலைகளை ஒட்டி வளர்ந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலைநகரின் வாகனத் தொழிலும் மகேந்திரா வேர்ல்ட் சிட்டியும். மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையில் சிறுசேரி மென்பொருள் பூங்கா. உலகின் எத்தனையோ வங்கிகளும் வணிக நிறுவனங்களும் அன்றாடம் பயன்படுத்தும் நிரல்கள் இங்கே எழுதப்படுகின்றன.

ஆனால், சான்றிதழுக்கோ கட்டணம் செலுத்தவோ ஏதேனும் ஒரு சேவை மையத்துக்குச் செல்லும் குடிமகன் இன்றும் அடிக்கடி கேட்கும் வாசகம் ஒன்று உண்டு. 'நேற்றுத்தான் மென்பொருளை மாற்றினார்கள்; இன்று வேலை செய்யவில்லை; நாளை வாருங்கள்.' ஒருநாள் கூலியை இழந்து வந்தவருக்கு அந்த 'நாளை' என்பது இன்னொரு நாள் கூலி.

இது கணினியின் பழுது அன்று. கணினி அறிஞர்களின் பற்றாக்குறையும் அன்று. எழுதி முடித்த மென்பொருளைப் பயன்படுத்துவோரிடம் கொண்டுசேர்க்கும் முறையில் உள்ள குறை. அந்தக் குறையைப் போக்கும் வழிமுறைக்கு மென்பொருள் துறையினர் 'தொடர் வழங்கல்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஜெஸ் ஹம்பிள், டேவிட் ஃபார்லி ஆகிய இருவர் 2010-இல் எழுதிய நூல் இதற்கு இலக்கணம் வகுத்தது. இதற்குத் தேவையான கருவிகளில் பெரும்பாலானவை கட்டற்ற, திறமூல மென்பொருள்களாக விலையின்றிக் கிடைக்கின்றன. பிறகு ஏன் இது எல்லா இடத்துக்கும் வந்து சேரவில்லை? பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இக்கேள்விக்கான விடை தொழில்நுட்பத்தில் இருப்பதைவிடப் பொருளியலில் அதிகம் இருப்பதாகக் கருதுகிறேன்.

நாடறிந்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வருமான வரித் துறையின் பழைய இணையதளம் 2021 ஜூன் 1 முதல் 6 வரை நிறுத்திவைக்கப்பட்டு, 7-ஆம் தேதி புதிய தளம் நாடு முழுமைக்கும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. உள்நுழைவதிலிருந்து கணக்குத் தாக்கல் வரை புகார்கள் குவிந்தன. ஆகஸ்ட் மூன்றாம் வார இறுதியில் தளமே முடங்கியது. அதை உருவாக்கிய நிறுவனத்தின் தலைவரை நிதியமைச்சகம் அழைத்து விளக்கம் கேட்டு, செப்டம்பர் 15-க்குள் சரிசெய்யக் கெடு விதித்தது. பெருந்தொற்றும் இத்தளக் கோளாறுகளும் சேர்ந்து, கணக்குத் தாக்கலுக்கான கடைசி நாள் டிசம்பர் 31 வரை தள்ளிப்போனது. அங்கே திறமைக்கோ பணத்துக்கோ குறைவில்லை. பல ஆண்டுப் பணியின் பலன் முழுவதையும் ஒரே காலையில் மக்கள் முன் இறக்கிவைக்கும் முறையே இடர்ப்பாட்டைப் பெருக்குகிறது.

ஏன் அப்படி மொத்தமாக இறக்குகிறார்கள்? விடை 1913-இல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த ஒரு சூத்திரத்தில் இருக்கிறது. ஒரு பொருளை ஒரே தடவையில் எத்தனை செய்வது சிக்கனம் என்பது அவர் எழுப்பிய கேள்வி. ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தை ஆயத்தம் செய்ய ஒரு செலவு உண்டு. செய்த பொருளை விற்கும்வரை இருப்பில் வைத்திருக்கவும் ஒரு செலவு உண்டு. ஆயத்தச் செலவு அதிகமாக இருந்தால் ஒரே தடவையில் நிறையச் செய்வதே இலாபம். அது குறைந்தால் சிறுகச் சிறுகச் செய்வதே இலாபம். மிகச் சிக்கனமான தொகுதியின் அளவு, ஆயத்தச் செலவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆயத்தச் செலவு நூறில் ஒரு பங்கானால், தொகுதியின் அளவு பத்தில் ஒரு பங்காகும்.

ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் இந்தச் சூத்திரத்தைத் தலைகீழாகப் படித்தது. ஆயத்தச் செலவை மாறாத ஒன்றாக ஏன் ஏற்க வேண்டும் என்று கேட்டது. உலோகத் தகட்டை அழுத்தும் இயந்திரத்தின் அச்சை மாற்ற மணிக்கணக்கில் ஆன நேரத்தை, ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளரின் துணையோடு நிமிடங்களாகச் சுருக்கியது. தொகுதிகள் சிறுத்தன, கிடங்குகள் காலியாயின, பிழைகள் உடனே கண்ணில் பட்டன. எந்தத் தொழிலாளியும் பழுதைக் கண்டால் வரிசையை நிறுத்தலாம் என்ற உரிமையும் வந்தது. மறைமலைநகரிலும் ஒரகடத்திலும் வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றுவோருக்கு இது புதிய செய்தியன்று.

மென்பொருளிலும் இதே கணக்குத்தான். ஒரு புதிய பதிப்பை வெளியிடுவதற்குப் பத்துப் பேர் இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டுமென்றால், ஆண்டுக்கு இரண்டு தடவைதான் வெளியிடுவார்கள். ஆறு மாத மாற்றங்கள் ஒன்றாகச் சேரும். பிழை வந்தால், எந்த மாற்றத்தால் வந்தது என்று தெரியாது. வெளியீட்டுச் செலவு ஏறக்குறைய சுழியமானால், ஒரு நாளில் ஒரு சிறு மாற்றத்தை மட்டும் வெளியிடலாம். பிழை வந்தால், அது நேற்றைய மாற்றம் என்று உடனே தெரியும். திரும்பப் பெறுவதும் எளிது. விரைவாகச் செய்தால் தவறு மிகும் என்பது நம் பொதுப்புத்தி. நிக்கோல் ஃபார்ஸ்கிரென் குழுவினர் பல்லாயிரம் பணியாளர்களிடம் ஆண்டுதோறும் நடத்திய ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியிட்ட நூல் இதற்கு மாறான முடிவைத் தந்தது. அடிக்கடி வெளியிடும் குழுக்களிடமே கோளாறுகள் குறைவு. கோளாறு நேர்ந்தாலும் மீள்வது விரைவு.

இந்த ஏற்பாட்டை ஆங்கிலத்தில் குழாய்வழி என்று உருவகிக்கிறார்கள். ஏரிகள் நிறைந்த நம் மாவட்டத்தில் வாய்க்காலும் மதகும் என்றால் இன்னும் தெளிவாக விளங்கும். நிரலரின் கையிலிருந்து பயனாளியின் திரை வரை ஒரு வாய்க்கால். வழியெங்கும் மதகுகள். ஒவ்வொரு மதகும் ஒரு சோதனை. சோதனையில் தேறினால் மட்டுமே அடுத்த மதகு திறக்கும்.

இதை நேரில் காணும் வாய்ப்பு ஓய்வுபெற்ற பின் எனக்குக் கிடைத்தது. கோவளம் முதல் கொக்கிலமேடு வரையுள்ள கடற்கரைக் கிராமங்களில் மீன் ஏல விலைகளைப் பொருளியல் மாணவர்கள் சிலர் திரட்டி வந்தார்கள். கணினி படித்த என் முன்னாள் மாணவர்கள் இருவர் அவ்விலைகளைக் காட்டும் சிறிய இணையப் பக்கம் ஒன்றை எழுதித் தந்தார்கள். தொடக்கத்தில், மாற்றம் தேவைப்படும்போதெல்லாம் அவர்களில் ஒருவர் தம் மடிக்கணினியிலிருந்து கோப்புகளைக் கையால் சர்வருக்கு நகலெடுப்பார். அவருக்குத் தேர்வு வந்தால் எல்லாம் நின்றுவிடும். பிறகு, மூன்று வார இறுதிகளில், பயன்படாமல் கிடந்த ஒரு பழைய மேசைக் கணினியில் தொடர் வழங்கலை அமைத்தார்கள்.

முதல் மதகு 'கிட்' என்னும் கருவி. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்று பதிந்துவைக்கும் பேரேடு அது. பேரேட்டில் ஏறாத மாற்றம் வாய்க்காலுக்குள்ளேயே நுழைய முடியாது.

இரண்டாவது 'ஜென்கின்ஸ்'. பேரேட்டில் புதிய வரி ஏறியதும் விழித்துக்கொள்ளும் காவலாளி. நிரலைத் தொகுத்து, முன்பே எழுதிவைத்த சோதனைகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கும். விலை சுழியத்துக்குக் கீழே போகலாகாது. நாளைய தேதிக்கு இன்றே விலை இருக்கலாகாது. சென்ற வார விலையைவிடப் பன்மடங்கு கூடினாலோ குறைந்தாலோ எச்சரிக்க வேண்டும் என்பன போன்ற எளிய விதிகளே அச்சோதனைகள்.

மூன்றாவது 'டாக்கர்'. சோதனையில் தேறிய நிரலையும், அது இயங்கத் தேவையான துணைப் பொருள்கள் அனைத்தையும் ஒரே பெட்டியில் அடைத்து முத்திரையிடுகிறது. 'என் கணினியில் ஓடியதே, இங்கே ஏன் ஓடவில்லை' என்ற பழைய வழக்கு இதனால் பெருமளவு தீர்ந்தது.

நான்காவது 'ஆன்சிபிள்'. எந்தச் சர்வரில் எது எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்த பட்டியலைப் படித்து அப்படியே நிறுவும். பத்துச் சர்வர் இருந்தால் பத்திலும் ஒன்றுபோலவே செய்யும். ஐந்தாவது 'ப்ரோமிதியஸ்'. வெளியிட்ட பின் மென்பொருளின் நாடித்துடிப்பை விடாமல் அளந்து, தடுமாறினால் எச்சரிக்கும். ஆயிரக்கணக்கான சர்வர்களைக் கட்டி மேய்க்கும் பெருநிறுவனங்களுக்குக் கூகுள் 2014-இல் திறந்துவிட்ட 'குபர்நெட்டிஸ்' தேவைப்படும். மீன் விலைப் பக்கத்துக்கு அது தேவையில்லை. தேவைக்கு மேல் கருவி சேர்ப்பதும் வீண்செலவே.

கடைசி மதகை மட்டும் மனிதர் திறக்கிறார். எந்நேரமும் வெளியிடத்தக்க நிலையில் மென்பொருளை வைத்திருப்பதே தொடர் வழங்கல். எப்போது வெளியிடுவது என்ற முடிவு பொறுப்பானவர் கையில் இருக்கலாம்.

இதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. கூடைக் கணக்கில் ஏலம் போகும் மீனின் விலையைக் கிலோவுக்கு மாற்றும் சூத்திரத்தை ஒரு மாணவி திருத்தினார். நெத்திலிக்கு அத்திருத்தம் முற்றிலும் சரி. ஆனால், முன்பே எடைக் கணக்கில் விற்கப்படும் வஞ்சிரத்தின் விலையையும் அது கூடையின் எடையால் வகுத்து, இருபதில் ஒரு பங்காக்கிவிட்டது. இரண்டே நிமிடங்களில் சோதனை அதைத் தடுத்து நிறுத்தியது. தவறான விலை யார் கைப்பேசியையும் எட்டவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்து வியாபாரியிடம் பேரம் பேசும் ஒரு மீனவப் பெண்ணுக்கு அது ஒரு நாள் வருமானம்.

மதகில்லாத வாய்க்கால் என்ன செய்யும் என்பதற்கு உலகறிந்த சான்றுகள் உண்டு. 2012 ஆகஸ்ட் 1 அன்று, நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனம் எட்டுச் சர்வர்களில் புதிய நிரலை நிறுவியிருந்தது. பணியாளர் கையால் நகலெடுத்தபோது ஒரு சர்வர் விடுபட்டுப்போனது. சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வரில் இருந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, தேவையற்ற இலட்சக்கணக்கான வணிகங்களைச் செய்தது. ஏறக்குறைய 45 நிமிடங்களில் இழப்பு 46 கோடி டாலரைத் தாண்டியது. சில மாதங்களிலேயே அந்நிறுவனம் வேறொன்றுடன் இணைய ஒப்புக்கொண்டது. அந்த நகலெடுப்பை இரண்டாவது பணியாளர் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி அங்கே இருக்கவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையம் பின்னர் பதிவுசெய்தது.

வாய்க்கால் மட்டும் இருந்து மதகு குறைந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்று உலகெங்கும் ஒரே சமயத்தில் சென்று சேர்ந்தது. 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய பயணச் சீட்டுகள் வழங்கப்பட்டன. முதலில் நூறு கணினிகளுக்கு, பிறகு ஆயிரத்துக்கு, பிறகு அனைத்துக்கும் என்று படிப்படியாக அனுப்பியிருந்தால் சேதம் மிகச் சிறியதாக இருந்திருக்கும். விரைவாக அனுப்பும் ஆற்றல் மட்டும் போதாது. சிறிதாக அனுப்பும் ஒழுங்கும் வேண்டும்.

இனி, இந்தக் கருவிகள் எப்படி விலையின்றிக் கிடைக்கின்றன என்பது. லினக்ஸ் இயங்குதளத்தின் நிரலைப் பேணுவதற்குப் பயன்பட்ட ஒரு தனியார் கருவியின் இலவச அனுமதி 2005-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் உடனே தாமே ஒன்றை எழுதி எல்லாருக்கும் பொதுவாக்கினார். அதுவே கிட். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கோசுகே கவகுச்சி எழுதிய 'ஹட்சன்' என்ற கருவி, அந்நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியபின் பெயருரிமைச் சிக்கலுக்கு ஆளானது. 2011-இல் அதன் பயனாளர் சமூகம் வாக்கெடுப்பு நடத்தி, நிரலை எடுத்துக்கொண்டு 'ஜென்கின்ஸ்' என்ற புதுப் பெயரோடு வெளியேறியது. பெயரை ஒரு நிறுவனம் வைத்துக்கொள்ளலாம். பொதுவில் விடப்பட்ட நிரலைப் பூட்டிவைக்க முடியாது என்பதே திறமூல உரிமத்தின் வலிமை. 2023-இல் ஹாஷிகார்ப் நிறுவனம் தன் கருவிகளின் உரிமத்தை இறுக்கியபோதும் இதுவே நடந்தது. 'டெராஃபார்ம்' என்ற கருவியிலிருந்து 'ஓப்பன்டோஃபு' பிரிந்து, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ்ச் சென்றது.

இது பொதுச் சொத்து. பொதுச் சொத்து சீரழிந்தே தீரும் என்ற கருத்தை மறுத்து, பயன்படுத்துவோரே விதி வகுத்துக்கொண்டு நீர்நிலைகளையும் காடுகளையும் நெடுங்காலம் காத்துவருவதை நிறுவியதற்காக எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். நமக்கு அது குடிமராமத்து. மழைக்கு முன் ஊர் கூடி ஏரிக்கரையைப் பலப்படுத்தி, வரத்துக்கால் தூர்வாரியதால்தான் ஏரி எல்லாருக்கும் நீர் தந்தது. ஏரி நீர் எடுக்க எடுக்கக் குறையும். மென்பொருள் எடுக்க எடுக்கக் குறையாது. ஆனால், அதைப் பேணுகிறவரின் நேரமும் உடல்நலமும் குறையும்.

அந்தக் கரை எவ்வளவு மெல்லியது என்பதை 2024 மார்ச்சில் உலகம் உணர்ந்தது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள 'எக்ஸ்இசட்' என்னும் சிறிய சுருக்கக் கருவியை ஒருவர் தன்னார்வமாகப் பேணிவந்தார். உதவுவதாக வந்து, ஆண்டுக்கணக்கில் நம்பிக்கையைப் பெற்ற மற்றொருவர், அதில் இரகசியப் பின்வாசல் ஒன்றை நுழைத்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலுள்ள கணினியில் நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் துருவியதால்தான் அது வெளிப்பட்டது. உலகின் சர்வர்களுக்கு நேரவிருந்த பேரிடரைத் தடுத்தது ஒரு தனிமனிதரின் கூர்மை. அத்தகைய தற்செயலை நம்பி ஒரு பொதுக் கட்டமைப்பை நடத்தலாகாது.

எனவே, விலையில்லாதது செலவில்லாதது ஆகாது. எங்கள் சிறு முயற்சியில் உரிமக் கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை. மின்சாரம், இணைய இணைப்பு, சர்வர் வாடகை ஆகியவை இருந்தன. எல்லாவற்றினும் பெரிய செலவு, சோதனைகளை யோசித்து எழுதிய மனித நேரம். கருவியை நிறுவ மூன்று வார இறுதிகள்; கூடைக்கும் கிலோவுக்கும் உள்ள வேறுபாட்டை ஏலக் களத்தில் நின்று கேட்டறிய அதைவிட நெடுநாள் ஆயிற்று. சோதனை இல்லாத தொடர் வழங்கல், தவறுகளை விரைவாக விநியோகிக்கும் ஏற்பாடாகவே முடியும்.

அரசுக்கு இதில் அடித்தளம் இல்லாமல் இல்லை. எல்காட் நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியது. அரசு அலுவலகங்களில் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு 2015-இல் வெளியிட்டது. ஆனால், மென்பொருளுக்கான ஒப்பந்தங்கள் பெரும்பாலும் கட்டடம் கட்டுவதற்கான ஒப்பந்தங்களைப் போலவே எழுதப்படுகின்றன. ஒரு தொகை, ஒரு கெடு, ஒரு திறப்பு விழா. கட்டடம் திறப்பு விழாவோடு முடிகிறது. மென்பொருளின் வாழ்க்கையோ அன்றுதான் தொடங்குகிறது.

ஒப்பந்த வாசகங்களில் சில வரிகளைச் சேர்த்தாலே நிலைமை மாறும். நிரல் மட்டுமல்லாமல், அதற்கான சோதனைகளும் வழங்கல் ஏற்பாடும் அரசின் உடைமையாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒப்பந்ததாரர் மாறினாலும் பணி நிற்காது. கட்டணத்தை ஒரு பெரிய வெளியீட்டோடு பிணைக்காமல், சீராக வெளிவரும் சிறு வெளியீடுகளோடு பிணைக்க வேண்டும். எந்தப் புதிய பதிப்பும் முதலில் ஒரு வட்டத்தில், எடுத்துக்காட்டாகத் திருக்கழுக்குன்றத்தில், சில நாள்கள் இயங்கிய பின்னரே மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் செல்ல வேண்டும். பழைய பதிப்புக்குச் சில நிமிடங்களில் திரும்பும் வழி இருக்க வேண்டும். சோதனை விதிகளை வகுக்கும்போது, சேவை மைய முகப்பில் அமர்ந்திருக்கும் பணியாளரையும் கேட்க வேண்டும். எந்த இடத்தில் மக்கள் தடுமாறுகிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் தொகையில் ஒரு சிறு பங்கையேனும், பயன்படுத்தும் திறமூலக் கருவிகளின் பராமரிப்புக்குத் தர வேண்டும். ஏரிகளுக்காகக் குடிமராமத்துத் திட்டத்தை 2017-இல் அதே பெயரில் மீட்டெடுத்த அரசுக்கு இந்தத் தத்துவம் அந்நியமானதன்று.

நம் கல்லூரிகளுக்கும் இதில் பங்குண்டு. செங்கல்பட்டைச் சுற்றியுள்ள கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் இளைஞர்களில் பலர், நிரல் எழுதக் கற்றிருக்கிறார்கள். எழுதியதைப் பொறுப்போடு பிறரிடம் சேர்க்கக் கற்றிருக்கவில்லை. அதைக் கற்பிக்க விலையுயர்ந்த ஆய்வகம் வேண்டியதில்லை. சிறுசேரியின் பெருநிறுவனங்கள் பயன்படுத்தும் அதே கிட்டும் ஜென்கின்ஸும் மதுராந்தகத்தின் கலைக் கல்லூரி மாணவருக்கும் கிடைக்கின்றன. தமிழிலேயே கற்க விரும்புவோருக்குக் 'கணியம்' மின்னிதழும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவும் இருக்கின்றன. ஊரில் உள்ள ஒரு சிறு தேவையை, நூலகப் பட்டியலையோ பேருந்து நேரத்தையோ, எடுத்துக்கொண்டு மூவர் குழுவாக ஒரு பருவம் முழுவதும் வாரந்தோறும் வெளியிட்டுப் பழகினால் போதும். வேலைக்கான நேர்காணலில் அந்த அனுபவம் சான்றிதழைவிட உரத்துப் பேசும்.

ஆலையின் இயந்திரம் முதலாளிக்கு மட்டுமே சொந்தமாக இருந்த காலத்தில், சிறியவருக்கும் பெரியவருக்கும் இடையிலான இடைவெளி மூலதனத்தால் ஆனது. இத்துறையில் இயந்திரம் பொதுவாகிவிட்டது. மிஞ்சியிருப்பது பழக்கத்தின் இடைவெளி. அதைக் கடக்கக் கடன் வாங்க வேண்டியதில்லை. அரசின் அடுத்த மென்பொருள் ஒப்பந்தப் புள்ளி கோரப்படும்போதே இந்தச் சில வரிகள் அதில் இடம்பெறட்டும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்பவரை 'நாளை வாருங்கள்' என்று திருப்பி அனுப்பாதிருக்க நம்மிடம் வழி உண்டு. அதைக் கையாள வேண்டியதே மீதி.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).